எட்டு மணி நேரம்

வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லேப்டாப் அணைந்தது. திரையின் மூலையில் சார்ஜ் ஐம்பத்தெட்டு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அடுத்து ஐம்பத்தேழு வரவில்லை. நேராகக் கறுப்பு.

"டீச்சர், படுத்துருச்சு" என்றான் முன்வரிசையில் ஒருவன். பின்னால் சிரிப்பு கிளம்பி முன்னால் வந்தது.

அப்ரோஸ் பேகம் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ஒரு கணம் உறுமிவிட்டுத் திரும்பவும் அணைந்தது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பக்கத்து வாத்தியாரிடம், "பொம்பளப் பிள்ள கையில மிசினக் குடுத்தனுப்புனா வேற எப்படி இருக்கும்" என்றார். அவள் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னார்.

"மிசினுக்கு ஆம்பள பொம்பளயெல்லாம் தெரியாது சார். பேட்டரி கோளாறு" என்றாள் அவள்.

சொல்லியிருக்க வேண்டாம். அவள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருமுன் அந்த வார்த்தை போன் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். தெரிந்தேதான் சொன்னாள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஒரு வருஷமாகிறது. அவர்கள் வம்சத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் அவள். படித்ததற்குக் கிடைத்தது பாதி வேலையும் முழு வாயாடிப் பட்டமும்தான்.

ஆனி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கித் தென்னந்தோப்புகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பஸ் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. மடியில் பையை அணைத்து வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே இருப்பது மெட்ராஸில் யாரோ வைத்திருந்து விற்றுப்போட்ட பழைய லேப்டாப். தொண்ணூற்றெட்டில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அதைக்கூட யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடங்களில் பாதிக்குக் கரெண்டு நிலையாக இருக்காது. பேட்டரியில் ஓடும் கம்ப்யூட்டர் என்பதால்தான் அவளுக்கு இந்த வேலை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அந்தப் பள்ளிக்கூடம் யதிராஜன் சாரின் சென்டரோடு வகுப்புக்கு ஒப்பந்தம் போடும்.

யதிராஜனின் சென்டர் ரத வீதியில், மாடியில் இருந்தது. அவள் படியேறும்போதே எதிரே வந்துவிட்டார். நெற்றியில் காலையில் இட்ட நாமம் வேர்வையில் பாதி கரைந்திருந்தது.

"மூணாவது தடவை அப்ரோஸ். அவர் போன் பண்ணிட்டார். நீ எதிர்த்துப் பேசினியாமே?"

"உள்ளதச் சொன்னேன் சார்."

"சரி, அதை விடு. புது செல் போட்டுப் பத்து நாள்கூட ஆகலை. எட்டு மணி நேரம் சார்ஜ் போடறியா இல்லையா?"

"எட்டரை மணி நேரம் போடுறேன் சார். நோட்டுல எழுதியிருக்கேன், பாருங்க."

"அப்போ எப்படி அம்பத்தெட்டுல போய் விழறது?"

"செல்லு பழசா இருக்கும். பொன்னுராஜ் அண்ணாச்சி எதையோ பொறுக்கி மாட்டி அனுப்பிட்டாரு."

அவ்வளவு லேசாக அவள் வாயிலிருந்து அது வந்தது. யதிராஜன் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்படியா. சென்டர் பிரிண்டர் எல்லாம் அவன்கிட்டத்தான் போறது. இனிமே வேற ஆளைப் பார்க்கறேன்" என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"வர்ற புதன்கிழமை ஆலங்குளம் பக்கத்துல டெமோ. எட்டுப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்களும் ஒரே எடத்துல வந்து உக்காரப்போறா. அங்கேயும் நின்னுதுன்னா, இந்த ஊர் ஊராப் போற வேலையே வேண்டாம்னு நிறுத்திடுவேன். உன்னை வச்சுக்க எனக்கு வேற வேலை கிடையாது. மூஞ்சிக்கு நேரே சொல்லிடறேன்."

மூஞ்சிக்கு நேரே சொல்கிறவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வராது.

வேலை போனால் என்ன என்பது வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவளுடைய அத்தா மைதீன் பிச்சை வீடு இருக்கும் ராஜபாளையத்திலேயே மாங்காய் மண்டியில் கூடை சுமக்கிறவர். அதிகம் பேசமாட்டார். போன ரம்ஜானுக்குப் பிறகு ஒருநாள் சொன்னார்: "வேலைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் நான் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டேன். நின்னுச்சுன்னா மறுநாளே சொல்லி விட்டுருவேன். பொறவு நீ வாயத் தொறக்கக் கூடாது." மாப்பிள்ளை தேங்காய்க் கமிஷன் கடைக்காரர். வயது முப்பத்தாறு. அதற்கு முன்பே பெண் பார்க்க வந்து, அவளை நிமிர்ந்தே பாராமல், "படிச்சதெல்லாம் சரிதான். வீட்டோட இருந்தாப் போதும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனவர். அத்தா வாக்குத் தவறமாட்டார். அதுதான் பயமே.

மறுநாள் காலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பொன்னுராஜின் கடைக்குப் போனாள். பிரித்துப்போட்ட டி.வி.க்களுக்கு நடுவில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். டேப்ரிக்கார்டருக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் இருக்கிறார்களே என்று அவள் பார்க்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி, பழைய செல்ல மாட்டி ஏமாத்துறதுக்கு உங்களுக்கு நான்தான் கெடைச்சேனா?"

காத்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பொன்னுராஜ் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார்.

"என்னம்மா சொல்லுத?"

"அம்பத்தெட்டுல அணையுது. அதுக்கு முன்ன அறுபத்தொண்ணுல. அதுக்கு முன்ன நாப்பத்தஞ்சுல. புது செல்லா இருந்தா இப்படிப் பண்ணுமா? படிச்சவகிட்டயே இந்த வேலை காட்டுனா, படிக்காதவுககிட்ட என்னென்ன காட்டுவீங்க?"

"கொண்டா" என்றார் அவர். குரல் உயரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

பேட்டரியின் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே பத்து செல்கள், அவர் கையால் பட்டை வைத்து இணைத்தவை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பத்தாவது வரைக்கும் போய்விட்டு, மீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"படிச்ச புள்ளதான, நீயே பாரு. பத்தும் ஒண்ணு போலக் காட்டுதா? ஒரு செல்லு படுத்துட்டா, அது ஒண்ணுல மட்டும் முள்ளு எறங்கும். அதுதான் செல்லுக் கோளாறு. இது செல்லுக் கோளாறு இல்ல."

அவள் பார்த்தாள். பத்தும் ஒன்று போலத்தான் இருந்தது.

"அப்போ ஏன் அணையுது?"

"அன்னைக்கே சொன்னேன்லா. இதுக்குள்ள ஒரு சில்லு இருக்கு. பழைய செல்லு எம்புட்டுத் தாங்குச்சுன்னு அது மனசுல வச்சிருக்கு. புதுசு மாட்டுனது அதுக்குத் தெரியாது. எட்டு மணி நேரம் நடுவுல அறுபடாம ஏத்தணும். பொறவு தானா அணையற வரைக்கும் ஓட்டி எறக்கணும். இப்படி மூணு தடவை பண்ணாத்தான் அது புதுக் கணக்கக் கத்துக்கிடும். நடுவுல ஒரு தடவை அறுந்தாலும் மொதல்லருந்து தப்பாத்தான் எண்ணும். திரையில அம்பத்தெட்டுன்னு காட்டும். உள்ள ஒண்ணும் இருக்காது."

"அறுபடல அண்ணாச்சி. எங்க வீடு மில்லுக்குப் போற லைன்ல இருக்கு. கரெண்டே போகாது. சென்டர்ல ஆடிப்பூரத் தேருக்காக லைன் வேலை நடக்கு, பகல்ல வந்து வந்து போகும்னுதான் சார் எங்கிட்ட வீட்டுக்கே குடுத்து விடுறாரு."

"பொறவு யாரோ புடுங்குறாக."

"வீட்டுல யாரு இருக்கா? அம்மா மட்டும்தான். அவ பிளக்குப் பக்கமே போகமாட்டா."

"ஏன்?"

காத்திருந்தவர்களில் ஒருவர் மெல்ல, "ஹமீதோட தங்கச்சி அண்ணாச்சி" என்றார். பொன்னுராஜ் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் பேட்டரியின் மூடியைக் கவனமாக அமுக்கி மூடினார்.

"ஒரு நாளு வீட்டுல இருந்து பாரு பாப்பா" என்றார். "அம்புட்டுதான் சொல்லுவேன்."

ஹமீது அவளுடைய அண்ணன். விசைத்தறி ஓட்டினான். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் போகக் குளித்துவிட்டு வந்தவன், ஈரக் காலோடு டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பினான். அவ்வளவுதான். அம்மா ரஹ்மத்துன்னிசா கருவாட்டுக் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள். விழுந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல வந்தவள்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு அத்தா வீட்டிலிருந்த பிளக்குகளையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார். முன்னறையில், அடுப்படிக்குப் போகும் வாசலை ஒட்டி ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். ஃபேன் கிடையாது. இரண்டு பல்பு.

லேப்டாப்பை அந்தப் பிளக்கில்தான் போட்டாள். சார்ஜ் ஏறும் நாளில் காலை எட்டு மணிக்கு மாட்டிவிட்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் கேட்பாள்: "கரெண்டு போச்சாம்மா?"

"போகலையே. அப்படியேதான் இருந்துச்சு" என்பாள் அம்மா. பொய் சொல்லத் தெரியாதவள். அப்ரோஸும் நோட்டில், தடங்கல் இல்லை என்று எழுதிவைப்பாள்.

வெள்ளிக்கிழமை எப்போதும்போல மாட்டிவிட்டுக் கிளம்பினாள். சென்டரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினாள். தெருவில் நுழையும்போது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். முன்கதவு சாத்தாமல் கிடந்தது.

அறை முழுக்க வெள்ளைத் துணி. சலவை முடிந்து வரும் பேண்டேஜ் துணியை அளந்து வெட்டிச் சுருட்டிக் கொடுப்பது அம்மாவின் வேலை. சுருட்டியவை ஒரு பக்கம் அடுக்காக இருந்தன. கொல்லையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அப்ரோஸ் வாசலிலேயே நின்றாள்.

அம்மா மத்தியான லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, முழங்கை ஈரம் சொட்ட, அடுப்படி வழியாக வந்தாள். முன்னறைக்குள் கால் வைக்கவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, ஆணியில் தொங்கிய காய்ந்த பேண்டேஜ் துணியை எடுத்து வலது கையில் விரல் தெரியாமல் சுற்றினாள். காயத்துக்குக் கட்டுவதுபோல நாலு சுற்று, ஐந்து சுற்று. முனையைப் பல்லால் பிடித்து இழுத்து முடிந்தாள். உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கினாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். கால் துடைத்து, உள்ளே வந்து, முசல்லாப் பாயை விரித்துத் தக்பீர் கட்டினாள்.

தொழுகிறவளிடம் பேச முடியாது. அப்ரோஸ் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தொழுகை முடிந்தும் அம்மா எழவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு நிமிஷம். பிறகு முசல்லாவை மடித்து வைத்து, கையில் மறுபடி துணியைச் சுற்றி, பிளக்கை மாட்டப் போனாள்.

"மாட்டாத" என்றாள் அப்ரோஸ்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. "ஏட்டி, நீ எப்ப வந்த? உடம்புக்கு முடியலையா?"

"எத்தன நாளா இப்படிப் புடுங்குற?"

"தொழுகைக்கு மட்டுந்தான். லுஹருக்கும் அஸருக்கும். செத்த நேரந்தான். உடனே மாட்டிருவேன்."

"நான் தெனமும் கேட்டேன்ல?"

"நீ கரெண்டு போச்சான்னுதான கேட்ட. கரெண்டு போகலையே."

அப்ரோஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பையை எறிந்தாள். அடுக்கியிருந்த பேண்டேஜ் சுருள்கள் சரிந்து, இரண்டு உருண்டு பிரிந்துகொண்டே அடுப்படிக்குள் போயின.

"ஒன்னால எனக்கு வேலை போகப்போகுது, தெரியுமா? ஊரு முழுக்க மானம் போச்சு. அந்த மனுசன நாலு பேரு முன்னால திருடன்னு சொல்லிட்டு வந்தேன். எல்லாம் நீ. நீ புடுங்கிப் புடுங்கி மாட்டுனதுதான். இந்த வேலை போச்சுன்னா அத்தா என்னைய எங்க தள்ளுவாகன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அவன் செத்து அஞ்சு வருசமாச்சும்மா. நான் உசுரோட இருக்கேன். அது தெரியுதா ஒனக்கு?"

அம்மா கையில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். பிரித்ததை மடித்தாள்.

"தெரியுது. அதுக்குத்தான் புடுங்குறேன்" என்றாள்.

உருண்டு போன சுருள்களை எடுக்க அடுப்படிக்குள் போனாள். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஈரக் காலோட எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்கு யாரு இருக்கா? நீயும் வேர்த்து விறுவிறுத்து வாரவ. வந்ததும் கால் கழுவிட்டு நேரா அதைத்தான் தொடுத. நான் என்ன செய்ய, சொல்லு."

அன்று மத்தியானம் இருவரும் சேர்ந்தே சாப்பிட உட்கார்ந்தார்கள். மண்டியில் அடிபட்டு ஒதுக்கிய சப்பட்டை மாங்காய்களை அத்தா கொண்டுவந்திருந்தார். பருப்பில் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள் அம்மா. அப்ரோஸ் புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சாப்பிட்டாள். கண்ணில் நீர் வந்தது புளிப்பால் என்றே இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் பொன்னுராஜின் கடைக்குப் போய், இருந்தவர்கள் கேட்கும்படியே சொன்னாள்: "அண்ணாச்சி, தப்பு எங்க வீட்டுலதான். உங்க மேல இல்ல."

அவர் காரணம் கேட்கவில்லை. "நாளு இருக்கா?" என்றார்.

"புதன்கிழமை டெமோ. ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூணு பகல் இருக்கு."

"போதும். பகல்ல ஏத்து, சாயங்காலம் எறக்கு. நடுவுல மட்டும் தொடாதீங்க."

சனிக்கிழமை யதிராஜனிடமும் சொன்னாள், பொன்னுராஜ் மேல் பிசகில்லை என்று. அவர் சுவாரசியமில்லாமல் கேட்டுக்கொண்டு, "எனக்குப் புதன்கிழமை ஓடணும். அவ்வளவுதான்" என்றார். லீவு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் சென்டரில் கூட்டம், முடியாது என்றார். திங்கள், செவ்வாய்க்கும் முடியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிளக்கை மாட்டினாள். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஆரஞ்சு லைட்டு எரியுதுல்ல. ஏறி முடிஞ்சா பச்சை ஆயிரும். அதுவரைக்கும் தொடாத."

"சரி."

"தொழுகைக்கும்தான்."

"சரிட்டி. தொடல. நீ போ, பஸ்ஸு போயிரும்."

சென்டரில் பன்னிரண்டு பையன்களுக்கு விசைப்பலகை சொல்லிக்கொடுக்கும்போது அவள் மனம் வீட்டிலேயே இருந்தது. பாங்கு கேட்டபோது கை நின்றது. இப்போது பிடுங்கியிருப்பாளா. மத்தியானத்துக்குமேல் வானம் மூடிக்கொண்டு சாரல் அடித்தது. நாலரைக்கே கிளம்பினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள்.

தெருவில் திரும்பியதும் பார்த்தாள். அவர்கள் வீட்டுக்கு எதிரே, தெருக்குழாயின் சிமெண்டுக் கட்டையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பேண்டேஜ் மூட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தாள். அவள் தலையில் முக்காட்டைத் தவிர ஒன்றுமில்லை. முக்காடு நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. திறந்து கிடந்த கதவு வழியே வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னம்மா செய்யுற?"

"செத்த முன்னதான் பச்சை ஆச்சு" என்றாள் அம்மா. "நான் தொடல. நீ வேணா பாரு."

"மழையில ஏன் உக்காந்திருக்க? உள்ள போயிருக்கலாம்ல?"

"காலையில வெளிச்சத்துக்காக இங்கன உக்காந்துதான் சுருட்டிக்கிட்டு இருந்தேன். பொறவு தூத்தல் வந்துருச்சு. மூட்டைய மூடுறதுக்குள்ள காலு நனைஞ்சு போச்சு." தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். "ஈரக் காலோட அதுக்குப் பக்கத்துல எப்படிப் போக."

"சாப்பிட்டியா?"

"சோறு உள்ளல்ல இருக்கு. உங்க அத்தா சாப்பிட வந்தாவ. அவியளும் நனைஞ்சுதான் வந்தாவ. உள்ள விடல. கிளப்புக் கடையில போய்ச் சாப்பிடுங்கன்னு அனுப்பிட்டேன். திட்டிக்கிட்டே போனாவ."

"தொழுகை?"

"இங்கனயே தொழுதேன். சாக்கை விரிச்சு." இரண்டு வீடு தள்ளிக் கையைக் காட்டினாள். "அந்தா, அந்த எறவாணத்துல."

அப்ரோஸ் வாசலில் செருப்பை விட்டாள். காலைத் தாவணியின் முனையால் துடைத்தாள், விரல் இடுக்கு வரைக்கும். அவள் துடைப்பதை அம்மா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்தாள். நூறு. ஆணியில் தொங்கிய பேண்டேஜ் துணியை எடுத்துக் கையில் ஐந்து சுற்றுச் சுற்றி, முனையைப் பல்லால் இழுத்து முடிந்து, பிளக்கைப் பிடுங்கினாள்.

"எடுத்துட்டியா?" தெருவிலிருந்து குரல்.

"எடுத்துட்டேன்."

"ஒயரச் சுருட்டிட்டியா?"

"சுருட்டிட்டேம்மா. வா."

அம்மா அதற்குப் பிறகுதான் படியேறினாள். நனைந்த முக்காட்டைப் பிழிந்தாள். குளிர்ந்த சோற்றில் குழம்பை ஊற்றி, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அப்ரோஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், பேட்டரியை இறக்குவதற்காக லேப்டாப்பை ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் எத்தன நாளுட்டி?"

"ரெண்டு நாளு."

அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சரி" என்றாள். "நாளைக்குக் காலையிலயே சோத்தை வெளிய எடுத்து வச்சுக்கிடுதேன்."